ஐஸ் பெட்டிக்குள் ஒரு மந்தர நாதம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சென்ற கிழமை வெளியான பகுதியைப் படித்த வாசகி ஒருவர் வவுனியாவிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். மின்சாரம் எட்டிப் பாராத காலத்தில், முல்லைத்தீவுக் கரையில் மின்சாரக் கிற்றார் வாசித்தேன் என்று நான் எழுதியதை எங்ஙனம் நம்புவது என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானது. ஆகவே அந்த வாத்தியத்துக்கு நான் தந்தி தேடியதையும், அதன் குரலைக் கூட்டும் கருவி தேடியதையும், இடையில் செய்த பிழைகளை மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

சத்தம் வராத முற்பகல்

அறுபதுகளின் பிற்பகுதி என்று நினைவு. மாதா கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மீன்வாடி. கிடுகுக் கூரையின் இடுக்குகளால் வெயில் புள்ளி புள்ளியாக மணலில் விழுந்துகொண்டிருந்தது. காயும் கருவாட்டின் மணமும், கார் பற்றரியின் புளித்த மணமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

என் மடியில் பேஸ் கிற்றார். நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்து முடித்து, கோவிலுக்குச் சொந்தமான, கார் பற்றரியில் ஓடும் சிறிய அம்பிளிபயரில் வயரைச் செருகினேன். எங்கள் வாத்தியக் குழுவின் தலைவரும் பாடகருமான சவிரிமுத்து அண்ணை, தமது அக்கோடியனை மார்போடு அணைத்தபடி, "ம், அடி பாப்பம்" என்றார்.

அடித்தேன். தந்தி துடித்ததைக் கண்ணால் கண்டேன். ஆனால் கம்பத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. மீண்டும் அடித்தேன். கடல் இரைந்தது, காகம் கரைந்தது, என் கிற்றார் மாத்திரம் மௌன விரதம் இருந்தது.

"என்னடாப்பா, உது ஊமையோ?"

"சத்தத்தைக் கூட்டிப் பாருங்கோ அண்ணை."

"கூட்டிக் கூட்டி இனிக் கூட்ட இடமில்லை. குமிழ் கையோடை வரப்போகுது."

முரசுமோட்டை வயற்காரனான என்னைப் பார்த்து, மேளம் வாசிப்பவரால் சிரிப்பை அடக்க இயலவில்லை. "அண்ணை, இது முரசுமோட்டைக் கிற்றார். வெள்ளாமை வெட்டி முடிஞ்சாப் பிறகுதான் வாய் திறக்கும்" என்றார். வாடியில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள்.

சவிரிமுத்து அண்ணை சிரிக்கவில்லை. அக்கோடியனைக் கீழே வைத்தார்.

"நடராசா, நான் பகிடிக்குச் சொல்லேல்லை. பெருநாளுக்கு இன்னும் ஏழு கிழமைதான் கிடக்கு. அண்டைக்குக் கரையிலை கடைசித் தோணியடியிலை நிக்கிற ஆளுக்கு உன்ரை சத்தம் கேக்கவேணும். கேட்டால் நீ எங்களோடை. கேக்காட்டி, உதைத் திரும்ப அலுமாரிக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு, மன்னாரிலை பொங்கோஸ் மேளம் அடிக்கிற ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கூப்பிடுறன்."

"ஓம் அண்ணை" என்றேன்.

தொப்பிப் பக்கம் நின்றவன்

பேஸ் கிற்றார் பாட்டைப் பாடும் வாத்தியம் அன்று. பாட்டைத் தாங்கும் வாத்தியம். தடித்த தந்திகள் நான்கு. நாதம் மிகத் தாழ்ந்தது. தவிலின் வலந்தலை பேசினால் சனம் தலையாட்டும். தொப்பி எனப்படும் இடப்பக்கம் பேசினால் சனம் அறியாமலே அதன் கால் ஆடும். கோவில் திருவிழாக்களில் நான் எப்பொழுதும் தொப்பிப் பக்கம் நின்று கேட்டவன்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்து நீரை நம்பி முரசுமோட்டையில் வயல் செய்தவர். நானும் கிழமை நாட்களில் வயலில் நின்றேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனேன். எனக்கு ஆசான் எவரும் இல்லை. பற்றரியில் ஓடும் றேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்து, பாட்டின் அடியில் ஓடும் நாதத்தை மாத்திரம் பிரித்துக் கேட்டு, வேலிக் கதியால் தடி ஒன்றில் விரல் வைத்துப் பழகினேன்.

கிற்றார் என்னுடையது அன்று. கப்பலில் வேலை செய்த சவிரிமுத்து அண்ணையின் தம்பி கொண்டுவந்தது. கரைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று தந்திகள் இல்லை. எஞ்சிய ஒன்றும் துருவேறியிருந்தது. வெளிநாட்டுப் பொருள்கள் இலகுவில் வந்து இறங்காத காலம் அது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் சாதாரணக் கிற்றாருக்கே தந்தி கிடையாது. பேஸ் கிற்றார்த் தந்தி என்று கேட்டபோது, ஒரு கடைக்காரர் எனக்கு இரக்கப்பட்டுக் கதிரை தந்து இருக்கச் சொன்னார்.

இந்நிலையில்தான் திரேசா அக்காவிடம் போனேன். அவா சவிரிமுத்து அண்ணையின் மூத்த சகோதரி. மீன் வியாபாரம் செய்தவா.

"அக்கா, மொத்தமாய், தடிப்பாய், அறாத கயிறு ஏதும் இருக்கோ?"

"தங்கூசி இருக்குத் தம்பி. சுறா இழுத்தாலும் அறாது. உன்ரை விரலுக்கோ அறப்போகுது?"

தூண்டிலுக்குக் கட்டும் அந்த நைலோன் நூலில் நான்கு தடிப்புகளை அவாவே தெரிந்தெடுத்துத் தந்தா. துருவேறிய பழைய தந்தியைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, நான்கிலும் தங்கூசி கட்டினேன். தந்திக்கு அழகு அறாமல் இருப்பதே என்று இருவரும் எண்ணியிருந்தோம். அதன் பலனைத்தான் அந்த முற்பகலில் வாடி முழுவதும் பார்த்துச் சிரித்தது.

ஒட்டுசுட்டானில் ஓர் ஆணி

ஒட்டுசுட்டானில் கதிர்காமு அண்ணை என்று ஒருவர் ஒலிபெருக்கி வைத்திருந்தார். திருவிழா, கலியாணம், கூட்டம் யாவற்றுக்கும் அவருடைய கூம்புதான். யானை வயலில் இறங்கினாலும் சனம் அவரிடமே ஓடும். ஒருமுறை பக்திப் பாடல் போட்டாராம். யானை நின்று கேட்டதே தவிர நகரவில்லையாம். பின்பு தாமே மைக்கைப் பிடித்து, "ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங்" என்று பாடத் தொடங்கியதும் காட்டுக்குள் ஓடிவிட்டதாம். இதை அவரே பெருமையுடன் சொல்வார்.

கிற்றாரை அவர் முன் வைத்தேன். வயரைச் செருகினார். தந்தியைத் தொடாமல், ஓர் ஆணியை எடுத்து, தந்திகளின் கீழே இருந்த காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். கூம்பிலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம்.

"கேட்டியோ? ஊமை இல்லை. உந்தக் காந்தத்துக்கு இரும்பு அசைஞ்சால்தான் காது கேக்கும். நீ நைலோன் கட்டி வைச்சிருக்கிறாய். தங்கூசியைச் சுறாவுக்குத் தெரியும். காந்தத்துக்குத் தெரியாது, ராசா."

சட்டைப்பையிலிருந்த பழைய தந்தியைக் கொடுத்தேன். அதைக் கட்டி அடித்தோம். சத்தம் வந்தது. ஆயினும் அது தகரப் பேணிக்குள் அகப்பட்ட குளவியின் சத்தமாக இருந்தது. என் முகம் வாடியதை அவர் கண்டார்.

"கூம்பு வாயாலை கத்துறதுக்கு. உன்ரை வாத்தியம் வயித்தாலை கத்துது. அதுக்கு இது சரிவராது."

குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒரு பெரிய கடதாசி ஒலிபெருக்கியை இழுத்தார். அதன் வாய் ஒரு சருவச்சட்டியின் வாயளவு. ஊர் ஊராகத் திரிந்த படக்கொட்டகைக்காரர் விட்டுப்போனது. நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கிழிசல்.

"உதைக் கோவில்காரர் ஒருத்தரும் கேக்கிறேல்லை. அயலூருக்குக் கேக்காதாம். கொண்டுபோய் ஒட்டிப் பார். ஆனால் வெறுமனை வைச்சு அடிச்சால் ஒண்டும் வராது. நல்ல மொத்தப் பலகைப் பெட்டி ஒண்டுக்கை அடைக்கவேணும்."

தந்தி இரும்பாக இருக்கவேண்டும். ஒலிபெருக்கி கூம்பாக இருத்தலாகாது. இந்த இரண்டு உண்மைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.

வைக்கோற்புரி சொன்ன புத்தி

முதலில் சைக்கிள் பிறேக் கம்பியைக் கட்டினேன். சத்தம் வந்தது, கூடவே கிலுகிலுப்பும் வந்தது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த என் விரல்கள் மூன்றாம் பாட்டிலேயே இரத்தம் கண்டன.

அதைக் கண்ட திரேசா அக்கா, "கொன்வென்ருக்கு மீன் குடுக்கப் போறனான் தம்பி. அங்கை ஒரு பியானோ கறையான் அரிச்சுக் கிடக்கு. ஆனால் இடப்பக்கக் கட்டையை அமத்தினால் இப்பவும் இடி இடிக்குது. மதரைக் கேட்டுப் பாரன்" என்றா.

கன்னியர் மடத்துத் தலைவியான மதர் வயது முதிர்ந்தவா. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா.

"நீர் எந்த ஊர்?"

"முரசுமோட்டை, மதர்."

"வேதக்காரரோ?"

"இல்லை மதர், சைவம்."

"சரி, தந்திக்குச் சமயம் இல்லை. எத்தினை வேணும்?"

"நாலு, மதர்."

"எட்டு எடும். நாலைப் பழுதாக்குவீர் எண்டு உம்மடை முகத்திலை எழுதியிருக்கு. ஒரு பேச்சு: பெருநாளண்டு முதல் பாட்டு மாதாவுக்கு."

பியானோவின் மந்தரத் தந்திகள் உருக்குக் கம்பியின் மேல் செப்புக் கம்பி சுற்றியவை. கையில் பிடிக்கும்போதே அவற்றின் கனம் என் நெஞ்சில் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் கிற்றாரின் நீளத்துக்கு அவற்றை வெட்டவேண்டும். முதலாவதை வெட்டினேன், செப்புச் சுற்றுத் தளர்ந்து, தந்தி நனைந்த கயிறு போலச் செத்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மதரின் சொல் காதில் கேட்டது.

அன்று பின்னேரம் களத்தில் வைக்கோற்புரி திரித்துக்கொண்டிருந்தேன். புரியை அறுக்குமுன் முடிச்சுப் போடாவிட்டால் முறுக்கு முழுவதும் அவிழ்ந்துவிடும். இதை அறியாத கமக்காரன் இல்லை. கையிலிருந்த புரியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நான்காவது தந்தியை வெட்டவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் குறட்டினால் மடித்து, சுத்தியலால் தட்டி இறுக்கி, அதற்கு அப்பால் வெட்டினேன். சுற்று அசையவில்லை. அடுத்த மூன்றும் அவ்வாறே. நான்கு தந்திகள் கிற்றாரில் ஏறின. ஒன்று மிச்சமாகவும் இருந்தது.

அடித்தபோது, நெல்மூட்டை ஒன்று நிலத்தில் விழுவதைப் போல, தும் என்றது.

"அறு எண்டால் அறு"

ஒலிபெருக்கியின் கிழிசலைப் பட்டம் ஒட்டும் தாளும் விளாம்பிசினும் கொண்டு ஒட்டினேன். பெட்டிதான் அமையவில்லை. தேயிலைப் பெட்டி ஒன்றில் வைத்துப் பார்த்தேன். பலகை நடுங்கி, பாட்டைவிடப் பெட்டியின் சத்தமே பெரிதாகக் கேட்டது.

திரேசா அக்காவிடம் மீன் ஏற்றும் ஐஸ் பெட்டிகள் இரண்டு இருந்தன. இரட்டைப் பலகை, நடுவில் மரத்தூள் இறுக்கியது, மூடியை அடைத்தால் காற்றுப் புகாது. வாடிக்குள் என்னைக் கூப்பிட்டு, ஒன்றைக் காலால் தள்ளிவிட்டா.

"வட்டமாய் வெட்டு."

"அக்கா, பிறகு இதுக்கை ஐஸ் நிக்காதே!"

"நிக்காதுதான். தங்கூசி தந்து உன்னைச் சனத்துக்கு முன்னாலை வெக்கப்பட வைச்சது ஆர்? நான். எனக்கு மற்றப் பெட்டி ஒண்டே காணும். அறு எண்டால் அறு."

வாள் இறங்கியது. மரத்தூள் சொரிந்தது. தோணிக்கு அடைக்கும் குங்கிலியத்தைக் காய்ச்சி, வெட்டிய வாயைச் சுற்றி அடைத்தோம். சீலா மீனும் சூடான குங்கிலியமும் கலந்த அந்த மணம் என் சட்டையிலேயே குடியேறிற்று. "கோயிலுக்குப் போற சட்டையிலை மீன் மணக்குது, உனக்கென்ன விசரோ?" என்று என் தாயார் சட்டையைத் தனியே தோய்த்துக் கொடியின் கடைசியில் காயப்போட்டார்.

பெரியது யாருக்கு?

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கதிர்காமு அண்ணை தமது பெரிய அம்பிளிபயரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கோவிலில் இருந்த சிறியதோடு சேர்த்து எங்களிடம் இரண்டு. பெரியதைப் பாடகர் எடுப்பதே எங்கும் வழக்கம். சவிரிமுத்து அண்ணை கையை நீட்டினார்.

"அண்ணை, பெரிசு எனக்கு வேணும்" என்றேன்.

சவிரிமுத்து அண்ணை நீட்டிய கையை இடுப்பில் ஊன்றினார்.

"என்ன கதை உது? பாடுறவனுக்குச் சின்னன், கட்டை அடிக்கிறவனுக்குப் பெரிசோ?"

"அப்ப ரெண்டு பேரும் பெரிசிலையே செருகுங்கோ, பாப்பம்" என்றார் கதிர்காமு அண்ணை.

செருகினோம். நான் ஒவ்வொரு தந்தியை அடிக்கும்போதும் சவிரிமுத்து அண்ணையின் குரல் நடுங்கிற்று. மேளக்காரர், "அண்ணை மாட்டுவண்டிலிலை இருந்து பாடுறார்" என்றார். பிரித்து, எனக்குச் சிறியதைத் தந்தார்கள். சத்தத்தைக் கூட்ட அது கரகரத்து முழங்கியது. பெரியதில் செருகி, குமிழைப் பாதியளவில் நிறுத்தியபோதுதான் நாதம் உருண்டு திரண்டு வந்தது. இரண்டு மாடு இழுக்கும் பாரத்தை ஒரு மாட்டில் பூட்டிவிட்டு அதை அடித்துப் பயனில்லை. குரலுக்கோ சிறியதும் கூம்பும் தாராளமாகப் போதும்.

சவிரிமுத்து அண்ணை தமது மைக்கின் வயரை எடுத்துச் சிறியதில் செருகினார். பின்பு, "சரி, வைச்சிரு. ஆனால் கடைசித் தோணி. மறந்திடாதை" என்றார்.

திரேசா அக்காவின் குடை

பெருநாள் பூசை முடிந்த பிற்பகல். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் குறுக்காக அடித்தது. மேடையின் ஒரு பக்கம் ஐஸ் பெட்டி, வெள்ளைச் சீலையால் போர்த்தப்பட்டு இருந்தது. சனத்துக்கு அப்பால், கரையோரமாகத் தோணிகள் வரிசையாக ஏற்றிவிடப்பட்டிருந்தன. கடைசித் தோணியின் முன்பக்க அணியத்தில் திரேசா அக்கா கறுப்புக் குடையை மடித்துப் பிடித்தபடி அமர்ந்திருந்தா. என் நாதம் கேட்டால் குடையை உயர்த்தவேண்டும். அதுவே ஏற்பாடு.

முதல் பாட்டு, வாக்களித்தபடி, மாதாவுக்கு. மெதுவான பாட்டு. என் தந்திகள் நன்றாகவே பேசின என்று எனக்குத் தோன்றியது. பாட்டு முடிந்தது. குடை உயரவில்லை.

இரண்டாவது துள்ளல் பாட்டு. குடை உயரவில்லை. சரணத்துக்குச் சரணம் சவிரிமுத்து அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். இடக்கை தானாகவே குமிழை நோக்கிப் போயிற்று.

"தொடாதை!" என்று மேடைக்குப் பின்னாலிருந்து கதிர்காமு அண்ணை உறுக்கினார். "பாதியிலை நிக்கட்டும்!"

கையை எடுத்தேன். அப்பொழுதுதான் கண்டேன். குடை உயரவில்லை, ஆனால் அது சும்மாவும் இருக்கவில்லை. அதன் நுனி தோணியின் பலகையில் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. விழுகின்றது, எழுகின்றது, விழுகின்றது.

மேளத்தைக் கேட்டுத் தட்டுகிறாவோ என்று ஐயம் வந்தது. சோதித்தேன். நான்கு தட்டு வாசித்த இடத்தில் இரண்டாகக் குறைத்தேன். மேளம் முன்போலவே ஓடியது. குடை இரண்டாகக் குறைந்தது. ஒரு சுற்று முழுவதும் தந்தியைத் தொடாமல் விட்டேன். குடை அந்தரத்தில் நின்றது. மீண்டும் அடித்தேன். குடை பலகையில் விழுந்தது.

சவிரிமுத்து அண்ணையும் கண்டுவிட்டார். பாட்டின் நடுவே சிரிப்பு வந்து ஓர் அடியை விழுங்கினார். உடனே கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்; அக்கோடியனையும் மூடினார். மேடையில் என் கிற்றார் மாத்திரம் எஞ்சியது.

தும், தும், தும் தும்.

குடை நிற்கவில்லை. அதற்கு அடுத்த தோணியில் சாய்ந்து நின்ற ஒருவர் கையால் பலகையில் தட்டத் தொடங்கினார். பிறகு அதற்கு அடுத்த தோணி. பிறகு அடுத்தது. வெறுந்தோணிகள் எல்லாம் தவிலாகி, கரை நீளத்துக்கு என் தாளத்தையே திருப்பிச் சொல்லின. சவிரிமுத்து அண்ணை அந்தச் சத்தத்தின் மேல் ஏறி நின்று பாடிய பாட்டைப் போல அவர் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா மணலில் கால் புதைய நடந்து வந்தா.

"ஏன் அக்கா குடையை உயத்தேல்லை? எனக்கு உயிர் போட்டுது."

"போடா! தோணி காலுக்குக் கீழை அதிருது, நான் பெருநாளிலை இருக்கிறன். உன்ரை சோதினை ஆருக்கு ஞாபகம்?"

மதரும் அருகே வந்தா. "எத்தினை பழுதாக்கினீர்?"

"மூண்டு, மதர்."

"நான் நாலெண்டு நினைச்சன். அப்ப நீர் கெட்டிக்காரன்தான்."

சவிரிமுத்து அண்ணை தமது சட்டைப்பையிலிருந்து அலுமாரியைப் பூட்டும் திறப்பை எடுத்து, அக்காவிடம் காட்டினார். "இதைக் கடலிலை எறியட்டோ?" என்றார்.

"உடுப்புகளும் அதுக்கைதான் கிடக்கு, மடையா" என்றா அக்கா. சவிரிமுத்து அண்ணை திறப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, கிற்றாரை என் தோளில் தாமே மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அது முரசுமோட்டையில், என் வீட்டில் இருந்தது.

அந்த ஐஸ் பெட்டி அதன் பிறகு தர்மபுரத்துக் கலியாணங்களையும், ஒட்டுசுட்டான் திருவிழாக்களையும், எண்ணற்ற பஸ் கூரைகளையும் கண்டது. பின்னாளில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது கிற்றாரையும் பெட்டியையும் எடுத்துவர இயலவில்லை.

ஆகையால் வவுனியா அம்மையாருக்குக் காட்டுவதற்கு என்னிடம் இன்று பொருள் ஒன்றும் இல்லை. இந்த எழுத்து மாத்திரம் உண்டு. ஐயா, அம்மா, இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள். நான் கேட்பது அவ்வளவே.